கட்டில் எங்கே இருக்கிறது?

ஜெர்மனியில் வேலைபார்த்த கணவரோடு போய்ச் சேர, நான் ஜெர்மன் தேர்வில் தேற வேண்டியிருந்தது. அப்போது கூடலூரில் மாமியார் வீட்டில் இருந்தேன். குடம் மேசைமேல் இருந்தால் ஜெர்மன் இலக்கணத்தில் ஒரு வேற்றுமை. அதையே தூக்கி மேசைமேல் வைத்தால் வேறு வேற்றுமை. மேசை என்ற சொல்லுக்கு முன்னால் வரும் குட்டிச் சொல்கூட மாறித் தொலைக்கும். வீட்டில் யாராவது எதையாவது நகர்த்தினாலே, இது எந்த வேற்றுமை என்று முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவேன்.

ஞாயிறுதோறும் கணவர் போனில் கேள்வி கேட்பார். குடை எங்கே, பூனை எங்கே, செருப்பு எங்கே? நான் தடுமாறுவேன், அவர் திருத்துவார். ஒரு வாரம் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. உங்கள் கட்டில் எங்கே இருக்கிறது, நீங்கள் சொல்லுங்கள் என்று ஜெர்மனிலேயே திருப்பிக் கேட்டேன்.

யோசிக்காமல் பதில் வந்தது, பிழையே இல்லாமல்: "இரண்டு கட்டில்களுக்கு நடுவில்."

நமக்கென்று தனி வீடு பிடித்தாயிற்று, அதில் தனியாகத்தான் இருக்கிறேன் என்றுதான் தமிழில் சொல்லியிருந்தார்.

ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன். பக்கத்தில் நின்ற மாமியார் என் முகத்தையே பார்த்தார்.

"என்ன ஆத்தா சொல்றான் எம்மகன்?"

"பாடம் சொல்லித் தாராக, அத்தை" என்றேன்.