ஒண்ணுக்கு ரெண்டு அட்டை

ஏட்டி அன்னலச்சுமி, ஒனக்கு நாயம் கேக்கத்தாம்ட்டி நான் ராசபாளையம் போனேன்.

பெரிய கம்பெனி மாத்திரையவே விலை கொறச்சுப் பண்ணுற சின்னக் கம்பெனிக்காரங்களுக்கு அங்க ஒரு சங்கம் இருக்கு. அதோட செகரட்டரியத்தான் பாத்தேன். வெள்ளைச் சட்டை, நெத்தியில சந்தனம், சவரம் பண்ணி வழுவழுன்னு மொகம். எதத் தொட்டாலும் பஞ்சுல ஸ்பிரிட்ட நனைச்சு வெரலத் தொடைச்சுக்கிட்டே இருந்தாரு.

"சார், எந்தங்கச்சிக்கு வலிப்பு. நேரம் தவறாம இந்த மாத்திரையத்தான் முழுங்குனா. அட்டையக் கிழிச்சாலே மாவா உதிருது. போன வாரம் வலிப்பு வந்து செத்துப்போனா"ன்னு சொன்னேன்.

"த்சொ த்சொ. மிச்ச அட்டை இருக்கா, தாயி?"

இருந்த ஒரே அட்டையக் குடுத்தேன். அத டிராயர்ல போட்டுப் பூட்டிட்டு, பீரோவுலருந்து புது அட்டை ரெண்டு எடுத்து நீட்டுனாரு.

"புகார் வந்தா ஒண்ணுக்கு ரெண்டா மாத்திக் குடுக்கது எங்க சங்கத்து வழக்கம்."

"யாருக்குக் குடுக்க சார்? அவதான் செத்துட்டாளே!"

"ஒங்க தெருவுல வேற யாருக்கும் வலிப்பு இருக்காதா? வச்சுக்கோ."

"அப்பம் என் அட்டையத் திருப்பிக் குடுங்க."

"மாத்துன சரக்கத் திருப்பித் தரமாட்டோம் தாயி"ன்னுட்டு மறுபடி வெரலத் தொடைச்சாரு.

இருந்த ஒரே சாட்சிய நானே தூக்கிக் குடுத்துட்டு வந்துட்டேன். அந்தாளு கோவப்படல, ஏசல. எந்தங்கச்சி செத்துட்டான்னு நான் சொன்னது அவரு காதுல விழுந்துச்சா இல்லையான்னே தெரியல.

கோயிலுக்குப் போறவிய, சர்ச்சுக்குப் போறவிய, எல்லாரும் எந்தங்கச்சிக்காக கொஞ்ச நேரம் வேண்டிக்கோங்க. அவளுக்குப் பத்தொம்பது வயசுதான்.