பால் ஊத்தாத தேத்தண்ணி

மாப்பிள்ளை வந்திருந்தார். அவருடைய அம்மா வந்திருந்தார். அவருடைய தாய்மாமன் வந்திருந்தார். மூன்று பேரும் உசிலம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில். எங்கள் பக்கம் அம்மா, தங்கச்சி பாக்கியம், நான். காம்பவுண்டிலிருந்து பக்கத்து வீட்டு ஐயர், கோயிலில் பூசை செய்கிறவர். எதிர்வீட்டு ராசாங்கம், சாமியே இல்லை என்று கறுப்புச் சட்டை போடுகிறவர். மதுரையில் எங்களுக்குச் சொந்தம் என்று காட்ட இந்த இரண்டு பேர்தான்.

பாக்கியம் தட்டில் தேத்தண்ணி கொண்டு வந்தாள். கறுப்பாக. ஆளுக்கு உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்தாள். மாப்பிள்ளையின் அம்மா சீனியைப் பார்த்தார், கிளாஸைப் பார்த்தார். முகம் சுருங்கிப்போனது.

இன்னும் சிலோனில் தேயிலைத் தோட்டத்திலேயே இருக்கிற உங்களுக்கு இது புரியாது. வந்த புதிதில் எனக்கும் புரியவில்லை. இந்தப் பக்கம் சாவு வீட்டில்தான் பால் இல்லாமல் கொடுப்பார்கள். வரக்காப்பி என்று பேர். நம்ம லயத்து வரிசை வீட்டில் விடியக்காலை கொழுந்து பறிக்கப் போகுமுன் சீனியை நக்கிக்கொண்டு பிளேன்டீ குடித்தோம். கல்யாணத்துக்கும் அதையே குடித்தோம். அன்றைக்குப் பாக்கியம் போட்டது கடைத்தூள் இல்லை. கப்பலேறும்போது டின்னில் அடைத்துப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த நம்ம தோட்டத்துத் தூள். அதில் பாலை ஊற்றிக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

ஏற்கெனவே இரண்டு இடம், சிலோன்காரப் பொண்ணு என்றதுமே தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் அம்மா படுத்துவிடும்.

"வீட்டுல கெட்டது ஏதும் ஆயிருச்சா?" என்று மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகக் கேட்டார்.

தேயிலையைத்தான் கேட்கிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டது. "கெட்டெல்லாம் போகல மதினி. சிலோன்ல இருந்து பெட்டியில வச்சுப் பூட்டிக் கொண்டாந்தது."

தாய்மாமன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "பெட்டியிலயா?"

"ஆமாண்ணே. இன்னுங் கொஞ்சம் மிச்சம் இருக்கு. போகும்போது பொட்டலங் கட்டித் தாரேன்."

நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற இடமா அது. ராசாங்கம் காலரைக் கடித்துக்கொண்டிருந்தார். ஐயர் விட்டத்தைப் பார்த்தார். அம்மா சொன்னது தேயிலைத்தூளை என்று நான்தான் எடுத்துச் சொன்னேன். பெட்டிக்குள் பிணம் இல்லை என்று தெரிந்து தாய்மாமனுக்கு மூச்சு வந்தது. ஆனாலும் மாப்பிள்ளையின் அம்மா கிளாஸைத் தரையில் வைத்துவிட்டார். நல்ல காரியம் பேச வந்த இடத்தில் இப்படிக் கறுப்பாக நீட்டலாமா என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

சகுனமாவது ஒன்றாவது என்று ராசாங்கம் வாயைத் திறந்தார். ஐயர் அவர் தொடையை அமுக்கினார். இந்த இரண்டு பேரும் சாமி உண்டா இல்லையா என்று தினம் சண்டை போடுவார்கள். சண்டை முடிந்ததும் ராசாங்கம் சைக்கிளில் ஐயரைக் கோயில் வாசல் வரை கொண்டுபோய் விடுவார். உள்ளே போக மாட்டார். ஐயர் எங்கள் வீட்டில் தண்ணிகூடத் தொட மாட்டார். அன்றைக்குத் துணைக்கு உட்கார வேண்டுமே என்று சொந்த டம்ளரில் சொந்தக் காப்பியோடு வந்திருந்தார். நாங்கள் கருவாடு வறுத்தால் சன்னலைச் சாத்துவார். மறுநாள் காலையில் அம்மாவுக்கு இருமல் தேவலையா என்று கேட்பார். ஏன் என்று நான் அவரைக் கேட்டதில்லை. அவரும் என்னைக் கேட்டதில்லை. நம்ம தோட்டத்துக் கடை முதலாளி புத்தர் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திவிட்டு, அதே கையால் மாரியம்மன் திருவிழாவுக்குத் தேங்காய் எடுத்துக் கொடுப்பாரே, அந்த மாதிரிதான்.

அப்போது பாக்கியம் வாயைத் திறந்தாள். பொண்ணு பார்க்க வந்த இடத்தில் பொண்ணு பேசினால் என்ன ஆகும் என்று நான் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தேன்.

"அத்தே, எங்க பக்கம் செத்தவங்களுக்குத்தான் பால் ஊத்துவோம்."

உசிலம்பட்டியிலும் அப்படித்தான். தாய்மாமன் துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு, "அட, ஆமால்ல" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா பாக்கியத்தை மேலும் கீழும் பார்த்தார். உதட்டோரம் சிரிப்பு வந்தது.

"வாய் இருக்கு, பொழச்சுக்குவா. ஆனா எனக்கு மனசு ஒப்பல ஆத்தா. இதுல கொஞ்சம் பால ஊத்திக் கொண்டா. குடிச்சிட்டுத் தட்டு மாத்துறதப் பேசுவோம்."

பாக்கியம் அந்தக் கிளாஸிலும் தாய்மாமன் கிளாஸிலும் பாலை ஊற்றிக் கொண்டுவந்தாள். மாப்பிள்ளை சீனியை நக்கிக்கொண்டு கறுப்பாகவே குடித்தார். ராசாங்கம் சகுனத்தைத் தோற்கடிக்கக் குடித்தார், முகம் கோணியது. அம்மாவும் பாக்கியமும் எப்போதும் போல.

சங்கடம் எனக்குத்தான். அங்கே என்னை இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே சிலோன்காரன் என்கிறார்கள். மரக்கடை வேலைக்குப் போன நாளாகக் கடையில் பால் டீ குடித்து நாக்குப் பழகிவிட்டது. அம்மாவுக்குத் தெரியாது. என் பிளேன்டீயைக் குடித்து முடித்தேன். மிஞ்சிய பாலில் பாக்கியம் இன்னொன்று போட்டு என் முன்னால் வைத்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அம்மா பார்த்தது. மாப்பிள்ளையின் அம்மாவும் பார்த்தார். அதையும் குடித்தேன்.

இருந்தது எட்டுப் பேர். ஐயர் டம்ளரையும் சேர்த்துக் காலியானது ஒன்பது.