அக்கா மட்டும் மேடைப் பக்கம் ஓடினாள்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமாக எதையும் விடவும் மாட்டேன், சேர்க்கவும் மாட்டேன்.

அந்தப் புகை இனிப்பாக மணத்தது... ஊதுபத்தியும் சர்க்கரைப் பாகும் கலந்த மாதிரி. கந்தக வாடையே இல்லை. அதனால்தான் அது பொய்ப்புகை என்று எனக்கு உடனே தெரிந்தது.

நேற்று நம் குரூப்பில் ஒருவர் சென்னைப் பக்கத்துத் தீம் பார்க் ஒன்றின் பழைய போட்டோவைப் போட்டு, "இந்த ஸ்டண்ட் ஷோ யாருக்கெல்லாம் ஞாபகம் இருக்கு?" என்று கேட்டிருந்தார்.

எனக்கு இருக்கிறது.

இரண்டாயிரத்துச் சொச்சம். நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் ஆமத்தூர்ப் பக்கம் தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும். அப்போது கம்பெனியே பஸ் பிடித்து வேலையாட்களைக் குடும்பத்தோடு டூர் கூட்டிப் போகும். அந்த வருஷம் என் அக்கா மாரி வரமாட்டேன் என்றாள்.

காரணம் ஊருக்கே தெரியும். ஆடி மாதம் அவள் வேலை செய்த அறையில் வெடிமருந்து பற்றிக்கொண்டது. ஆலையில் ஒவ்வொரு அறைக்கும் நான்கு பக்கமும் வாசல் இருக்கும். சேர்ந்த முதல் நாளே போர்மேன் சொல்லித் தருவது ஒன்றுதான்: சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு, திரும்பிப் பார்க்காதே.

அக்கா அப்படியே ஓடினாள். கூட இருந்த பாண்டீஸ்வரி வரவில்லை. அக்காவைவிட இரண்டு வயது சின்னவள்.

"அவ சத்தமே போடலத்த. வலி தெரியாமத்தான் போயிருப்பா" என்று பாண்டீஸ்வரியின் அம்மா ராமுத்தாய் அத்தையிடம் அக்கா சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அத்தை மறுபடி வேலைக்குப் போனாள்.

அக்கா போகவில்லை. வீட்டில் யாராவது தீக்குச்சி உரசினால்கூட எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள்.

பயப்படுகிற பொருளை வேடிக்கையாக ஒருமுறை பார்த்துவிட்டால் பயம் போய்விடும் என்று ஸ்கூல் லைப்ரரிப் புத்தகம் ஒன்றில் படித்திருந்தேன். எனக்கு அப்போது புத்தகம் சொன்னால் சரிதான்.

பார்க்கின் நோட்டீஸ் என் கைக்குத்தான் முதலில் வந்தது. 'எரியும் கட்டடத்தில் சிக்கிய பெண்! திரையிலிருந்து குதித்து வரும் வீரன்!' என்று போட்டிருந்தது. படித்தேன். மடித்து நோட்டுக்குள் ஒளித்து வைத்தேன். அக்காவிடம், "மேஜிக் மாதிரி ஒரு ஷோக்கா, நீ சிரிப்ப பாரு" என்று மட்டும் சொன்னேன். அதை நம்பித்தான் அவள் பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் ஒரே கும்மாளம்.

"கம்பெனில பாக்காத வேடிக்கையவா அங்கன காட்டப் போறாக?" என்று பின்சீட்டில் ஒருத்தி ஆரம்பித்தாள்.

"அங்கன வேடிக்கை மட்டுந்தான இருக்கும். ஆர்டரு, லோடுன்னு உசுர எடுக்க போர்மேன் இருக்க மாட்டாருல்ல!" என்றாள் இன்னொருத்தி.

"காதுல விழுதாத்தா" என்றார் முன்சீட்டில் இருந்த போர்மேன்.

அக்காவின் உதடு கொஞ்சம் விரிந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

மத்தியான ஷோ. ஹாலை இருட்டாக்கினார்கள். திரையில் ஒருவன் பைக்கில் வேகமாக வந்தான்... அதே பைக், அதே சிவப்புச் சட்டை, அப்படியே திரையைப் பிளந்துகொண்டு அசல் ஆளாக மேடையில் வந்து நின்றான். திரை ஒரே துணி இல்லை, நெடுக வெட்டிய பட்டைகள் என்று கண்டுபிடித்துவிட்டேன்.

இப்போது என் மகள் போனில் காட்டும் வீடியோக்களில் எது ஆள், எது படம் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அன்றைக்கு அந்தப் பட்டைகள் காற்றில் ஆடின. பொய் எங்கே தொடங்குகிறது என்று உற்றுப் பார்த்தால் தெரியும். உற்றுப் பார்க்கிற நிலையில் இருந்தால்.

பிறகு வெடித்தது. மேடையிலிருந்து அந்த இனிப்புப் புகை பரவியது.

எங்கள் ஆட்கள் நாற்பது பேரும் ஒரே சமயத்தில் எழுந்து பக்கவாட்டுக் கதவுகளைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மற்ற சனம் இதுவும் ஷோவில் ஒரு பகுதி என்று கைதட்டிச் சிரித்தது.

திரையில் ஒரு பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "காப்பாத்துங்க" என்று கத்தினாள்.

என்ன வரப்போகிறது என்று எங்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். அக்காவின் கையைப் பிடித்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. அவள் சிரிக்கிறாளா என்று பார்க்கத்தான் திரும்பினேன். சீட் காலியாக இருந்தது.

"வாரேன் புள்ள... இந்தா வாரேன்!"

அக்கா மேடை மேல் நின்றாள். திரையின் தீ அவள் முதுகில், தலைமுடியில், முகத்தில் எல்லாம் எரிந்தது. வெறும் வெளிச்சம். பட்டைகளை இரண்டு கையாலும் விலக்கி உள்ளே பாய்ந்தாள். பைக் வந்த இடைவெளிக்குப் பின்னால் இருந்தது சுவர். அதைத்தான் அறைந்தாள்.

சத்தத்தை நிறுத்தினார்கள். ஹாலில் விளக்கைப் போட்டார்கள். பைக்கில் வந்தவர் அக்காவைப் பிடித்து முன்னால் கொண்டு வந்தார். மேடை ஓரத்திலிருந்து, திரையில் கத்திய அந்த நடிகை, முகத்தில் பூசிய கரியோடு ஓடி வந்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. பாருங்க. எல்லாம் நடிப்புக்கா."

அக்கா அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முழங்கை வரை தடவினாள்.

"நீயும் இப்படித்தான கூப்பிட்ட" என்றாள். "மாரிக்கா வாக்கா, காலு மாட்டிக்கிருச்சுக்கான்னு... நாந்தான் திரும்பல."

மேடைக்குக் கீழே ராமுத்தாய் அத்தை நின்றுகொண்டிருந்தாள். ஓடிப் போனவர்களில், அக்காவைக் காணோமே என்று திரும்பி வந்தவள் அவள் ஒருத்திதான்.

"கூப்பிட்டாளா?" என்று கேட்டாள் அத்தை.

அக்கா நடிகையின் கையை விடவில்லை.

"எம்புட்டு நேரம் கூப்பிட்டா, மாரி?"

இருபது வருஷம் ஆகப் போகிறது. அக்கா வீட்டில் இப்போது கரண்ட் அடுப்பு. அத்தை எங்கள் தெரு வழியாக வருவதில்லை. கண்மாய்க் கரையைச் சுற்றித்தான் போகிறாள். அந்தக் கேள்விக்கு அக்கா இதுவரை பதில் சொல்லவில்லை. நானும் அவளிடம் கேட்டதில்லை.

அன்றைக்கு மேடையில் அவள் வாயைத் திறந்தாள். ஏதோ சொல்லத்தான் போனாள். அதற்குள் அடுத்த ஷோவுக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளேயிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள்.

விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.