செல்லத்துரை அண்ணனுக்குச் சொன்ன பச்சைகள்

"மேடம், அப்பா காலையில போயிட்டாக." செல்லத்துரை அண்ணனின் மகள் அல்லிநகரத்திலிருந்து பேசினாள். நான் அப்போது வகுப்பில் இருந்தேன். பாடத்தைத் தொடர முடியவில்லை.

எங்கள் கல்லூரியில் விலங்கியல் படித்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆய்வக உதவியாளர். அதிகம் பேசமாட்டார். இன்று உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது.

ஒருமுறை பூச்சி மாதிரிகளுக்கு அவர் எழுதிய லேபிள்களில், பச்சை வெட்டுக்கிளிக்குப் பழுப்பு என்றும் பழுப்புக்குப் பச்சை என்றும் இருந்தது. அதற்கு முன்னும் இப்படி நடந்திருந்ததால் எனக்குக் கோபம். கவனக்குறைவு என்று முதல்வருக்குப் புகார் எழுதினேன். அவருக்கு மெமோ வந்தது. கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்த மாதம் மாணவர்களோடு மேகமலைக்குப் போனோம். இலைப்பூச்சியைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். மழைக்காட்டுக்குள் அரைமணி நேரம் தேடியும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வந்த அண்ணன் மெதுவாகச் சொன்னார்:

"மேடம், உங்க கைக்கிட்ட மூணாவது இலை. அது இலை இல்ல."

இலையேதான் என்று நினைத்தேன். பிறகு அது காலை நகர்த்தியது.

"எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?"

"ஓரம் வேற மாதிரி இருக்கு. காத்து நின்ன பெறகும் ஆடுது."

"நிறம் அப்படியே இலையா இருக்கே?"

மாணவர்கள் முன்னே போகும்வரை அவர் காத்திருந்தார். "எனக்குப் பச்சையும் பழுப்பும் ஒண்ணுதான் மேடம். பஸ் டிரைவர் வேலைக்குப் போனப்ப கண்ணு டெஸ்ட்ல திருப்பி அனுப்பிட்டாக. இங்கனயும் தெரிஞ்சா அனுப்பிருவாகன்னு சொல்லல."

நிறத்தை வைத்து ஏமாற்றும் பூச்சியால் அவரை ஏமாற்ற முடியாது என்று அப்போது புரிந்தது. நான் செய்ததும் புரிந்தது. புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன்.

"வேண்டாம் மேடம். ஏன்னு கேப்பாக."

திரும்பி வந்ததும் முதல்வரைப் பார்த்தேன். லேபிள்களைச் சரிபார்க்கவேண்டியவள் நான், பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன், பிழை என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். அதுவும் உண்மைதான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மெமோவை ரத்து செய்தார். கல்லூரியில் அண்ணனின் ரகசியம் எங்கள் இருவரோடு நின்றது. இதை எழுதலாமா என்று மகளிடம் கேட்டபோது அவள் சொன்னாள்: "எழுதுங்க மேடம். இனிமே அப்பாவை யாரு வேலையை விட்டு அனுப்பப் போறாக?"

இன்னொரு பயணத்தில் ஒரு கும்பிடுபூச்சி எங்களைக் கண்டதும் முன்னங்கால்களைத் தூக்கி, சிறகை விரித்து, உட்புறச் சிவப்பைக் காட்டி நின்றது. மாணவர்கள் அலறிக்கொண்டு பின்வாங்கினார்கள். இரண்டு பேர் சிரித்தபடி குச்சியை நீட்டினார்கள். அண்ணன் குச்சியை வாங்கிக் கீழே போட்டார். "ஓட வழியில்லாதப்பத்தான் இப்படி நிக்கும். தள்ளி நில்லுங்க, அது போகட்டும்." வழி விட்டோம். சிறகை மடக்கிக்கொண்டு போனது.

மெமோ ரத்தானதிலிருந்து லேபிள் எழுதும்போது நிறத்தை நான் சொல்வேன், அவர் எழுதுவார். முதல் நாள், "பச்சை" என்றேன். பேனாவை நிறுத்தினார்.

"எந்தப் பச்சை மேடம்? எனக்காகச் சொல்றீக, நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

அதுவரை நான் நன்றாகப் பார்த்ததில்லை. அவருக்காகத்தான் பார்க்கக் கற்றேன். வெற்றிலைக் கொழுந்தின் பச்சை, காயாத ஏலக்காயின் பச்சை, நட்டு நாலு நாளான நாற்றின் பச்சை. எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார். ஓய்வு பெறும்வரை அப்படித்தான் நடந்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பவை அந்தப் பச்சைகள். இறுதிச் சடங்கு முடிந்து பேருந்தில் சின்னமனூருக்குத் திரும்பினேன். வீரபாண்டி தாண்டியதும் இருபுறமும் வயல்கள். ஊர் வரும்வரை ஒவ்வொரு பச்சையாக, சத்தமில்லாமல், அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்.