யாரும் நடப்பதில்லை

அந்த வாக்கியத்தை எழுதியது நான்தான். எங்கள் ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தில் இன்றும் என் கையெழுத்தில் இருக்கிறது: "மேற்படி பாதையில் யாரும் நடப்பதில்லை." முப்பத்தைந்து வருடம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். இலக்கணப்படி சரியான வாக்கியம். பொய் என்று எழுதும்போதே தெரியும்.

ஊர் மரக்காணத்துக்குப் பக்கம். பெயர் வேண்டாம். ஐப்பசியில் மழை பிடித்தால் எங்கள் கோயில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். என் வீட்டுக்குள்ளும் வரும். அரிசி மூட்டையைக் கட்டில் மேல் தூக்கி வைத்துவிட்டு, வாரக்கணக்கில் செங்கல் மேல் கால் வைத்து நடப்போம். தண்ணீரைக் கழுவெளிச் சதுப்புக்கு வடிய விட ஒரு கால்வாய் வெட்ட வேண்டும் என்று பல வருடம் மனு போட்டோம். அந்த மனுக்களையெல்லாம் எழுதியவனும் நான்தான். கடைசியில் அனுமதி வருகிற நிலை வந்தது. ஒரே சிக்கல், கால்வாய் போகிற வழியில் உப்பளத்துக்குப் போகும் பழைய மண்பாதை குறுக்கே கிடந்தது.

ஊராட்சித் தலைவர் என் வீட்டுக்கு வந்து சொன்னார். "சார், ஒருத்தர் நடக்குறாங்கன்னு போட்டாக்கூட ஃபைல் திரும்பி வந்துடும். பாலம் கட்டுன்னுவான். அதுக்கு இன்னும் மூணு மழை ஆகும். நீங்களே பாத்து எழுதுங்க."

பார்த்து எழுதினேன்.

அளத்து வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் தார் ரோட்டு வழியாக ஷேர் ஆட்டோவில் போய்விடுவார்கள். அந்த மண்பாதையில் நடந்தவர் ஒரே ஒரு பெண். எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர்தான், ஐம்பது வயதுக்கு மேல், தனி ஆள். அவர் வேலை செய்த உப்புப் பாத்திகள் கடைக்கோடியில் இருந்தன. ரோட்டைச் சுற்றினால் ஒரு மணி நேரம் கூடுதல் நடை, விடிவதற்கு முன் ஆட்டோவும் கிடையாது. உப்புப்புண் வந்து அவருடைய இடது கால் சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள். அன்றெல்லாம் நான் அவரை வா, போ என்றுதான் பேசுவேன். இப்போது எழுதும்போது அவர் என்றுதான் வருகிறது.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபைக் கூட்டம். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பந்தலுக்குள் நுழையும்போதே நோட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிவிடுவார்கள். வந்ததற்கு அத்தாட்சி என்று எல்லாரும் நினைப்பார்கள். தீர்மானம் அதற்கு மேலே விட்டிருக்கும் காலி இடத்தில் பிறகு எழுதப்படும். அவரும் கட்டை விரலை மையில் ஒற்றி வைத்துவிட்டு முன்வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்தார். நான் தாளில் எழுதி வைத்திருந்த தீர்மானத்தை வாசித்தேன்.

முடித்ததும் அவர் கேட்டார். "யாருமே நடக்கறதில்லன்னு போட்டிருக்கீங்களே சார், அப்ப நான் யாரு?"

பந்தலில் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவர், "நீ எங்க நடக்குற, பறக்குறதானே அக்கா" என்றார்.

"பறந்தா நல்லாத்தான் இருக்கும், இந்தக் காலுக்கு" என்று அவரும் சிரித்தார்.

"அது ஆபீஸ் தமிழ்மா" என்றேன் நான். "ஒருத்தர் நடக்குறதெல்லாம் அதுல வராது."

"வராதா. சரி சார். அப்ப ரெண்டு கல்லாச்சும் குறுக்கப் போடச் சொல்லி எழுதிக் குடுங்க. தாண்டிப் போயிடுவேன்."

"எழுதித் தர்றேன், நாளைக்கு வா."

மறுநாள் வந்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், அடுத்த வாரம் வரச் சொன்னேன். அடுத்த வாரமும் வந்தார். அப்புறம் வரவில்லை. எழுத ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

செப்டம்பரில் பொக்லைன் வந்து கால்வாயை வெட்டியது. அவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஏறிப் போய்வந்தார் என்று பிறகு தெரிந்தது.

முதல் பெருமழை இரண்டு நாள் பெய்தது. மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தேன். தெருவில் ஒரு சொட்டு நிற்கவில்லை. வாசலில் நின்று, கால்வாய் இழுத்துக்கொண்டு போகும் சத்தத்தைக் காது குளிரக் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர், "சார் எழுதினா எழுதினதுதான்" என்றார். அந்த நேரத்தில்தான் அந்தப் பெண், அளத்துக் கொட்டகையில் விட்டு வந்த உப்பு வாரும் பலகையை எடுத்து வரக் கால்வாயில் இறங்கியிருக்கிறார். மதியம் கழுவெளி முகத்தில் கிடைத்தார். அடக்கப் பூசையில் வாசகம் வாசிக்கச் சாமியார் என்னைத்தான் கூப்பிட்டார். வாசித்தேன். குரல் நடுங்கவில்லை.

பிறகு சித்திரை. ஒரு மத்தியானம், ஏன் என்று சொல்லத் தெரியவில்லை, அந்தப் பாதைக்குப் போனேன். அளத்தில் அந்த நேரத்தில் ஆள் இருக்க மாட்டார்கள். வெள்ளை வெயில், வெள்ளைத் தரை. காற்றுகூட இல்லை. பாதையின் சேற்றில் காலடிகள் இருந்தன. ஈர மண்ணில் பதிந்த காலடியில் உவர்நீர் ஊறிக் காய்ந்தால் உள்ளே உப்பு பூக்கும். அப்படி ஒவ்வொன்றும் வெள்ளையாகப் பூத்து, வரிசையாகக் கால்வாய்க் கரை வரைக்கும் போய், எதிர்க்கரையில் மறுபடி தொடங்கின. திரும்பி வந்த காலடி ஒன்றுகூட இல்லை. இடது காலில் நான்கு விரல்.

அளத்து மேஸ்திரியிடம் கேட்டேன். "பழசா இருக்கும் சார்" என்றார்.

"அவ்ளோ மழை பெஞ்சுதே, அழியாதா?"

"அழியும்." பீடியைக் கீழே போட்டு அணைத்தார். "நாங்க அந்தப் பக்கம் பாக்குறதில்ல சார். நீங்களும் உச்சி வேளையில வராதீங்க."

நான் செருப்பால் தேய்த்து ஒவ்வொன்றாக அழித்தேன். மறுநாள் போனேன், இருந்தன. அதற்கடுத்த நாளும் போனேன். ஒரு நாள் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் காலடிகளுக்குப் பக்கத்திலேயே கரை வரை நடந்து பார்த்தேன். தண்ணீரில் கால் நனைத்துவிட்டுத் திரும்பினேன்.

வீட்டில் படுத்திருந்தபோது மருமகள் கூப்பிட்டாள். "மாமா, உப்புத் தண்ணியில நடந்துட்டு வந்தீங்களா? ஹால் பூரா வெள்ளையாக் கெடக்குது."

"ஆமாம்மா."

துடைப்பத்தோடு நின்றவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கூட யாரு வந்தது?"

"யாரும் வரல" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து வந்த சொல் எனக்குக் கேட்டது. எழுந்து போய்ப் பார்க்க முடியவில்லை. அவள் துடைத்து முடிக்கும்வரை கண்ணை மூடியே கிடந்தேன்.

மே முதல் தேதி கிராம சபையில் எழுந்து நின்றேன். பழைய தீர்மானத்தில் ஒரு வாக்கியம் பொய், அதைத் திருத்த வேண்டும் என்றேன். தலைவர் மைக்கைக் கையால் மூடினார்.

"சார், செத்துப்போனவங்க நடக்குறாங்கன்னு எழுதச் சொல்றீங்களா?"

யாரோ ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

"நடந்தாங்கன்னு எழுதுங்க" என்றேன். "எழுதுனவனுக்கு அது தெரியும்னும் எழுதுங்க. அந்தம்மா கைநாட்டு அதுக்குக் கீழ இருக்குது. அவங்களே 'நான் நடக்கல'ன்னு சொன்ன மாதிரி இருக்குது. அவங்க என்கிட்ட கேட்டது ரெண்டு கல்லு."

செயலர் பேனாவைத் திறக்காமல் தலைவரைப் பார்த்தார். நோட்டை வாங்கி நானே எழுதினேன். எழுதியதை இரண்டு முறை உரக்க வாசித்தேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் இப்போது போடலாம் என்றேன். மேஸ்திரி மட்டும் எழுந்து வந்து போட்டார். என் கையெழுத்துக்கும் அவர் கையெழுத்துக்கும் கீழே அந்தப் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. பாலம் வரவில்லை. வரும் என்று தலைவர் சொல்கிறார்.

ஆனால் அந்த வாரமே அளத்து ஆட்கள் ஒரு பனந்தண்டைக் கொண்டுவந்து கால்வாய்க்குக் குறுக்கே போட்டார்கள். மறுநாள் மத்தியானம் போய்ப் பார்த்தேன். காலையில் ஆட்கள் நடந்திருக்கிறார்கள், தண்டு முழுக்க ஈரக் கால் பட்ட அடையாளம். காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. சில காலடிகள் போயிருந்தன, சில திரும்பி வந்திருந்தன. கிட்டே போய்க் குனிந்தேன்.

விரல்களை எண்ணாமல் வந்துவிட்டேன்.