கவ்வாத்து செய்த கிறிஸ்துமஸ் மரம்

"இந்த வேலை உனக்குத் தெரியுமா?" என்று எஜமானி கேட்கிறார். புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறோம், கையால் செய்ததில்லை. அப்போது தெரியும் என்று சொல்வதா, தெரியாது என்று சொல்வதா? பங்களாவில் ஆயாவாகச் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. இனிமேல் பங்களா வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன். பயன்படாமலும் போகலாம்.

1. சேர்ந்த நாள்

நான் பதுளையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கல்யாணமாகி மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்குத் தேயிலை ஸ்டோரில் வேலை. தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்குக் கொடுத்த அறையில் தகரக் கூரையிலிருந்து பனித்தண்ணீர் சொட்டும். ஐந்து மாதக் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி இழுப்பு வந்துவிட்டது. பாயை இந்தப் பக்கம் போட்டால் அந்தப் பக்கம் சொட்டுகிறது என்று தோன்றும். அந்தப் பக்கம் போட்டால் முதலில் போட்ட இடமே தேவலை என்று தோன்றும்.

அப்போதுதான் பங்களாவில் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் நான்கு வயது மகளைப் பார்த்துக்கொள்ள ஆயா தேடினார்கள். அந்த வேலையோடு சமையலறைக்குப் பின்னால் ஓர் அறையும் உண்டு. அதன் ஒரு சுவர் அடுப்புச் சுவர். தொட்டால் கதகதப்பாக இருக்கும். நான் வேலையைக் கேட்கவில்லை, அந்தச் சுவரைத்தான் கேட்டேன் என்று சொல்ல வேண்டும்.

துரையின் மனைவியான துரைசாணி தமிழ் பேசுவார். தோட்டத்தில் உத்தரவு போட்டுப் பழகிய தமிழ்.

"நீ பள்ளிக்கூடம் படிச்சது. கிறிஸ்துமஸ் மரம் செய்ய தெரியுமா?"

"தெரியுங்க துரைசாணி."

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் சுண்ணாம்பு அடிப்போம், வாசலில் வாழைக்கன்று கட்டுவோம், காகிதத் தோரணம் ஒட்டுவோம், அதிரசம் சுடுவோம். மரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு புத்தகத்தில் படம் பார்த்ததுதான். அதிலும் பக்கத்தின் கீழ்ப்பாதியை யாரோ கிழித்திருந்தார்கள். ஆகையால் மரத்தின் அடியில் என்ன வைப்பார்கள் என்பதே என் பெரிய கவலையாக இருந்தது. நுனியைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை.

"சரி. கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்க்கிறது. நல்லா இருந்தா இருக்கிறது. இல்லாட்டி லயத்துக்குப் போறது" என்றார்.

2. மரம் வந்தது

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் துரையும் துரைசாணியும் மகளோடு பண்டாரவளைக்குப் புறப்பட்டார்கள். இங்கிலீஷ்ச் சீமையிலிருந்து கப்பலில் வந்த துரையின் அக்கா கொழும்பிலிருந்து ரயிலில் அங்கே வந்து இறங்குவதாக இருந்தது. அவரை அழைத்துக்கொண்டு மறுநாள் சாயங்காலம் திரும்புவார்கள். அதற்குள் மரம் தயாராக இருக்க வேண்டும். தோட்டத்து எல்லையில் ஒரு சைப்ரஸ் மரத்துக்குத் துரையே சிவப்பு நாடா கட்டிவிட்டுப் போயிருந்தார். ஆளைவிட உயரமான, கூம்பு வடிவான மரம். துரைசாணி ஒரு தகர நட்சத்திரத்தை என் கையில் கொடுத்து, "இது மேலே. ரொம்ப மேலே" என்று விரலைத் தூக்கிக் காட்டினார்.

மரத்தைக் கொண்டுவர, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மருதைக் கங்காணியிடம் சொல்லி அனுப்பாமல் நானே போய்ச் சொன்னேன். அதுதான் தப்பாகிவிட்டதோ? ஆள் அனுப்பியிருந்தால் "நாடா கட்டின மரத்தை வெட்டிக் கொண்டா" என்பதோடு போயிருக்கும். நான் படித்தவள் அல்லவா, கூடச் சேர்த்துச் சொன்னேன்.

"கங்காணி ஐயா, பார்வையா இருக்கணும். அப்படியே காட்டு மரமா கொண்டாந்துடாதீங்க. ஒழுங்கு பண்ணிக் கொண்டாங்க."

"அதெல்லாம் எனக்குச் சொல்லணுமா ஆயாம்மா? துரை வீட்டு மரம். நம்ம தோட்டத்துலயே கைகாரனுங்க ரெண்டு பேரை விடறேன்."

மருதைக் கங்காணியின் ஆட்கள் கவ்வாத்து ஆட்கள். தேயிலைச் செடியை உயர வளரவிடாமல் வெட்டி, மேல்பக்கம் மேசை போல் சமமாக்குவதுதான் கவ்வாத்து. இருபது வருஷமாக அவர்கள் கத்தி பட்ட செடி எதுவும் கூம்பாக நின்றதில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு நான்கு பேர் மரத்தைத் தூக்கி வந்து, நடு ஹாலில் இருந்த மண் தொட்டியில் நட்டார்கள். என் நெஞ்சு உயரம் இருந்தது. நுனி இல்லை. பக்கத்துக் கொப்புகள் குடை போல் விரிந்து, மேலே ஒரே சமமாக வெட்டப்பட்டிருந்தன. வெட்டுவாய் ஒவ்வொன்றிலும் தண்ணீர் இறங்காமலிருக்கச் சாணியும் மண்ணும் பிசைந்து பூசியிருந்தார்கள். ஹால் முழுவதும் மாட்டுக்கொட்டில் வாசனை.

மருதைக் கங்காணி ஒரு டம்ளரில் தண்ணீர் வாங்கி மரத்தின் மேல் வைத்தார்.

"பாத்தீங்களா? ஒரு சொட்டு சிந்துதா?"

"நுனி எங்க கங்காணி ஐயா?"

"நுனியை விட்டா அது காட்டு மரம்ல? கைக்கு எட்டாத செடி என்னத்துக்கு ஆகும்?"

சமையற்காரர் அந்தோணி அப்பு எட்டிப் பார்த்தார். அவர் கொழும்பு பங்களாக்களில் வேலை பார்த்தவர். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஆயா, நாலு நாற்காலி போட்டா ராத்திரிச் சாப்பாட்டை இதுலயே வச்சிரலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வெட்டிய நுனியைக் கேட்டேன். கவ்வாத்துக் கழிவெல்லாம் லயத்துக்கு விறகாகப் போவது தோட்டத்து வழக்கம். கீழே ஓடினேன். மூன்றாவது வீட்டில் ராக்காயி அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தார். அடுப்பில் நுனி எரிந்துகொண்டிருந்தது.

"நல்ல வாசமா எரியுது தங்கச்சி. இன்னொண்ணு கிடைக்குமா?"

3. ஜோடித்தது

திரும்பி வந்து அறையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். குழந்தை அடுப்புச் சுவர் ஓரமாகத் தூங்கிக்கொண்டிருந்தான். மூன்று வாரமாக அவனுக்கு இழுப்பு இல்லை. மறுபடி பாயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துப் போட வேண்டுமே என்று நினைத்ததும் அழுகை நின்றுவிட்டது.

வேறு மரம் வெட்டலாமா? துரை நாடா கட்டாத மரத்தைத் தொட்டால் ஸ்டோரில் இருக்கும் என் வீட்டுக்காரருக்குத்தான் திட்டு விழும். மூங்கிலை நட்டு நுனி போலச் செய்யலாமா? செய்தும் பார்த்தேன். மேசையில் மீன் தூண்டில் நட்டது போல் இருந்தது. பிடுங்கிவிட்டேன்.

கடைசியில், எனக்கு நிஜமாகவே தெரிந்த ஒன்றைச் செய்வோம் என்று முடிவு செய்தேன். கிறிஸ்து பிறந்த குடில் வைக்க எனக்குத் தெரியும். சாணியைச் சுரண்டிவிட்டுச் சமமான மேல்பக்கத்தில் பாசியைப் பரப்பினேன். களிமண்ணில் குழந்தை இயேசுவும் மாடும் ஆடும் பிடித்தேன். மாடு நன்றாக வந்தது. ஆட்டைப் பார்த்து அப்பு, "இது எலியா?" என்றார். விதைக்கென்று வெட்டாமல் வளரவிட்ட தேயிலை மரங்களிலிருந்து வெள்ளைப் பூக்களைப் பறித்து வரச் சொல்லிச் சரம் கட்டினேன். சரத்தை நான்கு பக்கமும் தொங்கவிட்டேன். மெழுகுவத்திகள் மட்டும், நான் ஒன்றுமே செய்யாமல், நேராக நின்றன. நட்சத்திரத்தை நூலில் கட்டிக் கூரை உத்தரத்திலிருந்து குடிலுக்கு மேலே தொங்கவிட்டேன். ரொம்ப மேலே.

4. வந்து பார்த்தார்கள்

சாயங்காலம் குதிரை வண்டி வந்தது. முதலில் துரை ஹாலுக்குள் நுழைந்தார். நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை. குனிந்து ஒரு கொப்பை விலக்கி வெட்டுவாயைப் பார்த்தார்.

"யாரு வெட்டினது? நல்ல வெட்டு."

பின் வராந்தாவில் நின்ற மருதைக் கங்காணி தலையைச் சொறிந்தார். துரைசாணி மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மரத்தைப் பார்த்தார். அதற்குள் துரையின் அக்கா தம்பி மகளை நாற்காலியில் ஏற்றிவிட்டார். அது குடிலுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, மண் மாட்டைத் தடவி, கைதட்டிச் சிரித்தது. துரையின் அக்கா ஆங்கிலத்தில் ஏதோ வேகமாகக் கேட்டார்.

"ஆயா, இது உங்க ஜனத்து வழக்கமா?" என்றார் துரைசாணி.

நான் வாயைத் திறந்தேன். இல்லை என்று சொல்லத்தான் திறந்தேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை. எனக்கு முன்னால் கங்காணியின் குரல் கேட்டது.

"ஆமாங்க துரைசாணி! எங்கப்பன் காலத்துலேருந்து இப்படித்தான் வெட்டறது."

தேயிலையைப் பற்றி அது சத்தியமான வார்த்தை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"நல்லா இருக்கு. ஆயா இருக்கட்டும்" என்றார் துரைசாணி.

5. கற்றதும் கல்லாததும்

ஒரு பாடம் கற்றேன். ஒருவரிடம் வேலை சொன்னால், எதைச் செய்ய வேண்டும் என்பதோடு எதைச் செய்யக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கைதேர்ந்த ஆளிடம் இதை இரண்டு தரம் சொல்ல வேண்டும்.

ஆனால் காரியம் அதோடு முடியவில்லை. துரைசாணி பக்கத்துத் தோட்டத்துச் சிநேகிதிகளுக்கெல்லாம் எழுதிவிட்டார். இந்த வருஷம் மூன்று பங்களாக்கள் கவ்வாத்து மரம் கேட்டிருக்கின்றன. மருதைக் கங்காணி அதற்கென்று ஆள் பிரித்து வைத்திருக்கிறார். சென்ற வாரம் துரைசாணி ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தார். "இந்த வழக்கத்துக்கு அர்த்தம் என்ன? எழுதிக் கொடு. அக்கா அங்கே பத்திரிகைக்கு அனுப்பும்."

உண்மையைச் சொன்னால் துரைசாணிக்குச் சிநேகிதிகள் முன் தலைகுனிவு. மரத்துக்காக அந்தப் பங்களாக்கள் தருவதாகச் சொன்ன பரிசுத் துணிக்குக் காத்திருக்கும் கவ்வாத்து ஆட்களுக்கு ஏமாற்றம். எனக்கு என்ன ஆகும் என்று தெரியாது. குழந்தை இப்போது அதே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். சொல்லாவிட்டால், இல்லாத வழக்கத்தைச் சீமையில் அச்சடித்துவிடுவார்கள், எங்கள் ஜனத்தின் பேரால், என் கையெழுத்தில். மூன்று பங்களாவில் செய்துவிட்டால் அது வழக்கம்தானே என்கிறார் என் வீட்டுக்காரர். அதுவும் சரியாகத்தான் தோன்றுகிறது.

இதை வாசிக்கும் அக்காமாரே, உங்களில் யாராவது இப்படி மாட்டிக்கொண்டதுண்டா? அந்தத் தாளில் நான் என்ன எழுதட்டும்? தயவுசெய்து சீக்கிரம் சொல்லுங்கள். சனிக்கிழமை கொடுக்க வேண்டும்.