ஃபாரம் அக்கா சொன்ன உண்மை

அவள் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. எல்லோருக்கும் அவள் ஃபாரம் அக்கா. வேளாண்மை அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை ஓரத்தில் ஒரு மேசை, ஒரு ஸ்டூல், இரண்டு பேனா. எழுதத் தெரியாதவர்களுக்கும், தெரிந்தும் பயந்தவர்களுக்கும் மானிய ஃபாரம் எழுதித் தருவதுதான் பதினொரு வருஷமாக அவள் பிழைப்பு.

அரசாங்கத்தின் கூத்தைக் கேளுங்கள். மழைக்கு ஒரு மாதம் முன்பே ஃபாரம் கொடுத்துவிட வேண்டுமாம்: எத்தனை ஏக்கர், என்ன விதைத்திருக்கிறாய்? விதைக்காத நிலத்தில் என்ன விதைத்தேன் என்று எந்த விவசாயி சொல்வான்? "போன வருஷம் மாதிரியே போடுக்கா" என்பார்கள். அவளும் பழைய நகலை வைத்து ஈயடிச்சான் காப்பி அடிப்பாள். இத்தனை வருஷத்தில் ஒரு ஈ காக்காகூட ஏன் என்று கேட்டதில்லை.

இந்த வருஷம் கேட்டார்கள். அதுவும் அவளுடைய சொந்தத் தம்பியை. வியாழக்கிழமை நிலத்தை அளக்க வருகிறோம் என்று கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் தம்பி அதைக் கொண்டுவந்து மேசையில் போட்டான்.

"மூணு ஏக்கர்னு எழுதியிருக்கியே. அதுல அரை ஏக்கர் இப்ப குட்டைக்கா."

"குட்டையா? எப்படா வெட்டினே?"

"கோடையில. உன்கிட்ட சொன்னேனே!"

சொல்லித்தான் இருந்தான். அன்றைக்குக் கூட்டம், காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. கடிதத்தை இன்னொரு முறை படித்தாள். அளக்க வருமுன் தானே போய்த் திருத்தினால், அரை ஏக்கருக்கான பணத்தோடு போகும். அவர்களே கண்டுபிடித்தால் மொத்தப் பணமும் போய், மூன்று வருஷத்துக்குப் பெயரும் நீக்கம். தம்பி விதை வாங்குவதே அந்தப் பணத்தில்தான்.

"போய்த் திருத்திடுக்கா. இதுல என்ன யோசனை?"

யோசனை இருந்தது. இதே மாதிரி மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்த ஃபாரங்களின் நகல் இன்னும் நாற்பது மேசைக்கு அடியில் இருந்தது. தம்பியைக் கூட்டிக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரியம்மா திருத்தத்தை வாங்கி முத்திரை குத்தினாள். தம்பி மூச்சு விட்டான். அதிகாரியம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"எழுதினது நீங்கதானா? உங்க கையெழுத்துல இன்னும் நாப்பது இருக்கே. அதெல்லாம் சரிதானே? சரின்னா இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. அப்புறம் யாரும் திருத்த முடியாது."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். ரோட்டுக்கு நிலம் கொடுத்த பால்காரி, பாதி வயலில் கோழிக்கொட்டகை போட்ட டிரைவர், இருவருக்கும் அவள் போன வருஷக் கணக்கைத்தான் எழுதியிருந்தாள். மற்றவர்கள் வயலில் என்ன இருக்கிறதென்று ஆண்டவனுக்கே வெளிச்சம். தம்பி அவள் முழங்கையை அழுத்தினான். "போடுக்கா, போடு."

பேனாவை எடுத்தாள். கீழே வைத்துவிட்டாள்.

"தெரியாது மேடம். நான் யார் வயலையும் போய்ப் பார்த்ததில்ல. பழசைப் பார்த்து எழுதினேன்."

"அப்ப நாப்பதையும் நிறுத்தி வைக்கணும். அளந்த பிறகுதான் பணம்."

"எப்ப அளப்பீங்க?"

"இருக்கறது ரெண்டே பேர்மா. அதுக்குள்ள விதைப்பே முடிஞ்சுடும்."

வெளியே வந்ததும் தம்பி சீறினான். "உனக்குப் பைத்தியமா? சரி, யார்கிட்டயும் மூச்சு விடாதே. நேரா வீட்டுக்குப் போயிடலாம்."

எதிரே, அவள் மேசையைச் சுற்றி நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். பால்காரி கை காட்டிக் கூப்பிட்டாள். தம்பி பிடித்திருந்த கையை அவள் உதறினாள். தெருவைக் கடந்து போய் நின்றாள். ஸ்டூலில் உட்காரத் தோன்றவில்லை.

"உங்க எல்லார் பணமும் நின்னுபோச்சு. நான் எழுதின தப்பு. போய்ச் சொன்னதும் நான்தான்."

பால்காரி தெருவுக்கு அந்தப் பக்கம் நின்ற தம்பியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அவருக்கு?"

"அவனுக்கு வந்துடும்" என்றாள் ஃபாரம் அக்கா.